நிலவறைக்குக் காவல்

எங்கள் வீட்டுக்குள் நிலவறை வெட்டியது யானைக்குப் பயந்துதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் குடியேறிய முதல் வருடமே, நெல் மணத்துக்கு வந்த யானை பக்கத்துக் காணிக்காரரின் சுவரை உடைத்துவிட்டுப் போனது. என் கணவர் கோடையில், மண் கல்லாய்க் கிடந்தபோது, வீட்டுக்குள் ஆழமாக வெட்டிச் சீமெந்து பூசி நெல் மூட்டைகளை இறக்கினார். யாழ்ப்பாணத்து மூளை! அங்கே பெய்த மழை மறுநாளே நிலத்துக்குள் போய்விடும். இந்தக் களிமண் குடித்ததை விடாது என்று எனக்கும்தான் தெரியாது.

ஐப்பசி மழையோடு நிலவறைச் சுவர் கசிந்தது. பிறகு தரையில் தண்ணீர் ஊறியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மூட்டைகளைப் பலகைகளின் மேல் ஏற்றினார். சுவரோரம் சிறு வாய்க்கால் வெட்டிச் சல்லி போட்டு, மூலையில் ஆழக் குழியாக ஒரு கிடங்கு தோண்டி, தோட்டத்து இறைப்பு மெசினின் குழாயை அதற்குள் விட்டார். வாய்க்காலால் வடிவது கிடங்கில் சேரும், மெசின் அதை வெளியே இறைக்கும்.

அன்றோடு நான் சிறைப்பட்டேன். அவர் விடிய மெசினை முடுக்கிவிட்டு வயலுக்குப் போவார். கிடங்கு வற்றியதும் நான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும். மத்தியானமும் பின்னேரமும் வந்து மறுபடி முடுக்குவார். எனக்கு எட்டாம் மாதம். மண்ணெண்ணெய் மணத்துக்குச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்க வேண்டியவள் மெசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, நான் எப்ப போறது?"

"மழை விடட்டும். நீர் போனா ஆர் மெசினைப் பாக்கிறது?"

"நெல்லுக்குத்தானே நான் வாழ்க்கைப்பட்டனான்!"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கெட்ட மனுஷன் அல்ல. நெல் அழுகினால் வருடம் முழுக்கப் பட்டினி, அது எனக்கும் தெரியும். ஆனால் வழியிலுள்ள பாலத்தின் மேலால் வெள்ளம் பாய்ந்தால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாது. இந்த மெசின் சத்தத்துக்குள்ளேயே செத்துப்போவேன் என்று பயந்து அழுதேன்.

நான் வராததைக் கண்டு அம்மா தானே பஸ் ஏறி வந்துவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தார். பின்னேரம் இவர் வந்து மெசினை முடுக்கியதும் அம்மா சொன்னார்:

"தம்பி, நெல்லை மேல எடுத்து வையுங்கோ. இவளை நான் கூட்டிக்கொண்டு போறன்."

"யானை வந்து சுவரை உடைக்கும், மாமி."

"உடைக்கட்டும். நீங்கள் வயல் கொட்டில்ல படுங்கோ. வீட்டில ஆள் இல்லாட்டி உயிர் போகாது, நெல்லுத்தானே போகும்."

இவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு நிலவறைக்குள் இறங்கி மூட்டைகளைச் சுமக்கத் தொடங்கினார். கடைசி மூட்டை மேலே வந்ததும் நான் போய் மெசினை நிறுத்தினேன். கிடங்கில் தண்ணீர் இன்னும் இருந்தது.