வாசலுக்கு ஒரு பாட்டு

எங்கள் வேனில் பம்பை அடிக்கிறவர் இருந்தார். கைச்சிலம்பு போடுகிற அவர் தம்பி இருந்தான். டிரைவர் இருந்தார், ஊருக்குள் இறங்கிவிட்டால் தாளம் தட்டுவதும் அவர்தான். உடுக்கையோடு நான். பாட்டு கட்டுவது என் வேலை.

ஆடி மாதம் முழுக்க எங்களுக்கு வேன்தான் வீடு. பழைய ஸ்கூல் வேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டிருக்கிறோம். ஒரு ஸ்டவ், ஒரு தண்ணீர் கேன். உத்திரமேரூரில் கிளம்பினால், எங்கெங்கே கூழ் ஊற்றுகிறார்களோ அந்த ஊருக்கெல்லாம் போவோம்.

அம்மன் கரகம் தெருவில் வீடு வீடாக வரும். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு பாட்டு பாட வேண்டும். முதல் இரண்டு அடி அந்த ஊரைப் பற்றி. அதை வருகிற வழியில் ஜன்னலில் பார்த்தே கட்டிவிடுவேன். வற்றின ஏரி, ரோட்டில் காயும் நெல், எது கண்ணில் பட்டாலும் சரி. மிச்ச அடியில் வீட்டுக்காரர்கள் சொல்லும் பெயர்களைச் சேர்த்து, அம்மா இவர்களைக் காப்பாற்று என்று முடிக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். நாங்கள் போகிற ஊர்களில் அப்படித்தான்.

அன்றைக்கு மாகறலுக்கு அந்தப் பக்கம், செய்யாற்றங்கரையில் ஒரு ஊர். என் மகள் இருக்கிற ஊர். அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். போன் செய்து சொன்னாள். எனக்குப் பெண்ணே இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நான் மட்டும்தான்.

"இன்னாண்ணா, ஜன்னல்ல எதுனா பாட்டு தெரியுதா?" என்றார் டிரைவர்.

"எருமை தெரியுது."

"ஐயோ, அம்மன் பாட்டுல எருமைய சேத்துடாதண்ணா. ஊர்க்காரன் நம்மள வண்டி ஏற உடமாட்டான்."

சிலம்புக்காரன் சிரித்தான். பம்பைக்காரர் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும்.

"உம் பொண்ணு தெருவும் கீது" என்றார்.

"தெரியும்."

"வாய மூடிக்கினே வர்றியே. பாட்டு கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

பெயரை முன்கூட்டியே கட்டக் கூடாது. வாசலில் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தத் தப்பைச் செய்தேன். மாமியார், மருமகன், மகள், கடைசியில் நான். பாலம் தாண்டுகிற வரைக்கும் உதட்டுக்குள்ளேயே பாடிப் பார்த்தேன். தாளத்தில் சரியாக உட்கார்ந்தது. அவள் என் பெயரைச் சொன்னால் போதும். வேறு எதுவும் பேச வேண்டாம்.

பதினொரு மணிக்கு அந்தத் தெரு. நீலக் கேட் போட்ட வீடு. கரகம் எடுத்தவர் காலில் மாமியார் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசினார். பின்னால் என் மகள் நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பெயர் கேட்க வேண்டியது பாடுகிறவன். நான் உடுக்கைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். பம்பைக்காரர் கேட்டார்.

"பேர் சொல்லும்மா."

அவரைப் பார்த்தே சொன்னாள். மாமியார் பெயர். புருஷன் பெயர். தன் பெயர். அதோடு நிறுத்தினாள். நான் உடுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குழந்தையின் பெயரைச் சொன்னாள்.

"அவ்ளோதானாம்மா? வேற யார்னா?"

"அவ்ளோதான் பெரிப்பா. பாடச் சொல்லுங்க."

பாடினேன். என் பெயர் இருந்த இடத்தில் குழந்தையின் பெயரை வைத்தேன். தாளம் தப்பவில்லை. அம்மா இவர்களைக் காப்பாற்று என்று முடித்தேன். குழந்தை உடுக்கையைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கரகம் அடுத்த வாசலுக்கு நகர்ந்தது.

அந்த வீட்டுக்குப் பாடின பெயர்கள் நான்கு.