பசுவுக்குப் போகாத தோல்

மாடியில் நான் நறுக்கும் காய்களின் தோல், தண்டு எல்லாம் காலையில் படிக்கட்டு வாளிக்கு வந்துவிட வேண்டும். வீட்டுக்காரக்கா சாவியைத் தரும்போதே சொன்ன நிபந்தனை இது. வாளி கீழே கட்டியிருக்கும் அவருடைய பசுவுக்கு. ஆபீசுக்குப் பஸ் பிடிக்கும் பழவங்காடிக்கு நடந்து போகிற தூரத்தில், தனியாக இருக்கும் பெண்ணுக்கு வேறு யாரும் வீடு தரவில்லை. தலையாட்டினேன்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டேன். பிறகு கழக்கூட்டம் ஆபீசில் கூட வேலை செய்கிறவள் வாழைக்காய்த் தோலைப் பொடியாக அரிந்து, வன்பயறு சேர்த்துத் துவரன் பொரியல் கொண்டுவந்தாள். ஒரு வாய்தான். இதையா இத்தனை நாள் மாட்டுக்குப் போட்டேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அன்றிலிருந்து பீர்க்கங்காய்த் தோல் துவையலானது, காலிஃப்ளவர் தண்டு குழம்புக்குள் போனது. வாளியில் விழுந்தது வெண்டைக்காய்க் காம்பு மட்டும்.

நாலாம் நாள் அக்கா வாளியோடு மாடியேறி வந்தார்.

"என்ன பிள்ளே, இப்பம் சமையலே இல்லியா?"

"இருக்குக்கா. தோலையும் சேத்து சமைக்கேன்."

"மாட்டுத் தீனியையா?"

"நல்ல ருசிக்கா. கொஞ்சம் தரட்டா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"வாயில்லா ஜீவனுக்கு உள்ளத பிடுங்கித் தின்னுட்டு, எனக்கும் பங்கு தாறியா? நாளைக்கு வாளி நிறையல்லேன்னா வேற வீடு பாத்துக்கோ, கேட்டியா."

நான் வாங்கின காய். அதன் தோல் எப்படி இவர் பசுவுக்குச் சொந்தமாகும்? ஆனால் எனக்கு வீடு வேண்டும். தோலையும் விடுவதாக இல்லை.

அன்று சாயங்காலமே பழுத்த மத்தங்காய், அதாவது பரங்கிக்காய், ஒன்றை முழுசாக வாங்கிவந்தேன். காலையில் தோலைச் சீவித் துவையலுக்கு எடுத்து வைத்துக்கொண்டேன். சதை அத்தனையையும் துண்டு போட்டு, அவர் கழுவிக் கவிழ்த்திருந்த வாளியில் விளிம்புவரை நிரப்பினேன். பிறகு படிக்கட்டில் நின்று, வேண்டுமென்றே மெதுவாகச் செருப்பு மாட்டினேன்.

அக்கா வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"திமிரு" என்றார்.

வாளியைத் தூக்கியவர் பசு நின்ற பக்கம் போகவில்லை. நேரே அடுக்களைக்குள் போனார்.

சாயங்காலம் நான் திரும்பியபோது வறுத்த தேங்காயும் மத்தங்காயும் சேர்ந்த எரிசேரி வாசனை படிக்கட்டெல்லாம் நின்றது. பசு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. நான் மாடிக்குப் போய்த் தோல் துவையலைப் போட்டுச் சோறு பிசைந்தேன்.

வீடு போகவில்லை. வாளியும் தினமும் நிறைகிறது, தோலால் அல்ல, நான் வாங்கும் காயின் சதையால். அக்காவும் நானும் இன்றுவரை பேசுவதில்லை.