காலால் வளையும் கம்பி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு. ஒன்று கற்பவருக்கு, மற்றொன்று, பக்கத்தில் அமர்ந்திருக்கும் வாத்தியாருக்கு. வாத்தியாரின் கால் மிதித்ததைக் கற்பவர் பெரும்பாலும் அறியமாட்டார். தம்முடைய சாமர்த்தியத்தால்தான் வண்டி நின்றது என்று எண்ணிக்கொள்வார். வாத்தியாரும் அதைத் திருத்தமாட்டார். இந்தத் தொழிலிலேயே ஊறிப்போனவர் அவர். பேருந்தில் போனாலும் வளைவுக்கு வளைவு அவருடைய வலக்கால் தரையை அழுத்தும்.

"பஸ்ஸ அவரு ஓட்டட்டும், நீங்க சும்மா வாங்க" என்பார் மனைவி.

பிற்பாடு தம்மை ஆட்டிவைத்த அந்த இசைக்கருவியை அவர் முதன்முதலில் கேட்டது, கார் ஓட்டக் கற்க வந்த பல் மருத்துவரின் கைப்பேசியில். பாட்டுக் கேட்டால்தான் தமக்குக் கை நடுங்காது என்றார் மருத்துவர். பிறர் பல்லைப் பிடுங்குகிறவருக்கே கை நடுங்குகிறதே என்று நினைத்தாலும், வாத்தியார் இசைந்தார்.

"யாரு டாக்டர் இந்தப் பொம்பள? வார்த்தையே இல்லாமப் பாடுறாங்க?"

"பொம்பளையா! கிடார் சார் அது. பெடல் ஸ்டீல் கிடார். மேசை மாதிரி படுக்க வெச்சு, கம்பி மேல இரும்ப வழுக்கி வழுக்கி வாசிப்பாங்க. கீழ பெடல் இருக்கும். மிதிச்சா, ஒண்ணு ரெண்டு கம்பி மட்டும் இழுபட்டுச் சுரம் மாறும்."

"கால்லயா?"

"கால்லதான். இப்ப ஒரு இடம் வரும், கேளுங்க…"

"நான் கேக்குறேன். நீங்க ரோட்டப் பாருங்க."

அன்று பிடித்தது பித்து. மருத்துவர் தம்மிடமிருந்த பழைய ஒலிப்பதிவுகளை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். யார் வாசித்தது, எந்த ஆண்டு என்ற விவரம் அதில் இல்லை, வெறும் எண்கள்தாம். இணையத்தில் தேடியிருந்தால் விவரம் கிடைத்திருக்கும். வாத்தியார் தேடவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் காதாலேயே கண்டுபிடிப்பது என்று முடிவுகட்டிக்கொண்டார்.

இரும்பு மட்டும் நகர்ந்தால், ஒலிக்கும் கம்பிகள் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அந்தப் பதிவுகள் பெடலுக்கு முந்தியவை. அடுத்த வகையில் பெடல் வந்துவிட்டது. ஆயினும் கியர் மாற்றுவதைப் போல, ஒலி அடங்கிய பிறகே அதை மிதித்தார்கள். அதற்கும் பிந்திய பதிவுகளில் ஒரு சுரம் அசையாமல் நிற்க, மற்றொன்று மட்டும் நழுவி வந்து அதனோடு சேர்ந்துகொள்ளும். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ துணிந்து மிதித்திருக்கிறார்! அந்த இடம் வந்தால், சாப்பாட்டு மேசைக்கு அடியில் வாத்தியாரின் காலும் மிதிக்கும். இப்படியே பதிவுகளை மூன்று கூறாகப் பிரித்துக்கொண்டு வந்தார்.

அவ்வேளையில்தான் ஒரு நாற்சந்தியில் இடப்புறமிருந்து வந்த லாரியின் ஹாரன் அவர் காதில் விழவில்லை. கற்றுக்கொள்ள வந்தவரே அலறியடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். செய்தி பள்ளி முதலாளிக்குப் போயிற்று. முதலாளி, வாத்தியாருடைய மனைவியின் அண்ணன்.

"காதுக்கு மிஷின் வாங்கி மாட்டுங்க மாப்பிள்ள. இல்லேன்னா ஆபீஸ்ல உக்காந்து ஃபோன் எடுங்க."

"காது கேக்காதவன ஃபோன் எடுக்கச் சொல்றீங்களே மச்சான்! ஒரே ஒரு ஹாரன்தான?"

"லாரியும் ஒண்ணுதான் மாப்பிள்ள."

வாத்தியார் காதைக் காட்டப் போனார். செவிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண், வரைபடத்தைக் காட்டி, உயர்ந்த ஒலிகள் அவருக்குக் கேட்காமல் போய் வெகுகாலம் ஆயிற்று என்றார். வாத்தியாருக்குப் பென்டிரைவின் நினைவு வந்தது. அப்படியானால் பாட்டின் மேற்சுரங்களில் எவையெல்லாம் தப்பிப்போயினவோ? தாம் பிரித்த பிரிவு சரிதானா?

மிஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கரண்டி விழுந்தது இடி போலக் கேட்டது. ஆவலோடு பென்டிரைவைப் போட்டார். கருவி நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தது. உடனே அது நடுங்கி, குரல்வளையை யாரோ நெரித்தாற்போல அடங்கிற்று. அடுத்த சுரத்துக்கும் அதே கதி. மனைவியின் பேச்சு தெளிவாகக் கேட்டது. தெரு தெளிவாகக் கேட்டது. கிடார் ஒன்றுதான் கேட்கவில்லை. கழற்றினால் மேற்சுரம் இல்லை. மாட்டினால் பாட்டே இல்லை.

மறுநாள் பென்டிரைவோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போய் நின்றார். அந்தப் பெண் தம்முடைய கணினியில் அதைப் போட்டுக் கேட்டார்.

"புரிஞ்சுது சார். இந்த மிஷின் சில நேரம் தானா கூவும். அப்படிக் கூவுனா அதுவே அடக்கிக்கும். உங்க கிடார் இழுக்குற இழுப்பையும் தன்னோட கூவல்னு நெனச்சு அடக்குது."

"அத நிறுத்த முடியுமாம்மா?"

"பாட்டுக்குன்னு தனியா ஒரு பட்டன் வெச்சுத் தரேன். அத அமுக்குனா அடக்காது. ஆனா நடுநடுவுல மிஷின் கூவும். பரவாயில்லையா?"

"கூவிட்டுப் போகட்டும்."

அன்று மாலை அந்தப் பட்டனை அமுக்கிவிட்டு, முதற்கூறிலிருந்தே தொடங்கினார். பெடல் இல்லை என்று அவர் ஒதுக்கிவைத்த பதிவுகளுள் ஒன்றில், கீழே இரண்டு சுரங்கள் அசையாமல் நிற்க, உச்சியில் மெல்லியதாக ஒன்று வளைந்து இறங்கி வந்தது. நிறுத்தினார். மீண்டும் போட்டார். மீண்டும் வளைந்தது.

மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, கூவுறது பாட்டா, மிஷினா?"

"தெரியல. காது பக்கத்துல வந்து கேளு. மிஷின்ல சத்தம் வருதா?"

மனைவி அவர் காதருகே குனிந்தார். வாத்தியார் மறுபடியும் போட்டார். அந்த இடம் வந்து, போயிற்று.

"மிஷின் கம்முன்னுதாங்க இருக்கு. பாட்டுதான்."

"அப்போ மிதிச்சிருக்கான்" என்றார் வாத்தியார். அந்தப் பதிவை மூன்றாம் கூறுக்கு மாற்றிவிட்டு, முதற்கூறில் எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

"எல்லாத்துக்கும் நான் இப்படியே குனிஞ்சு நிக்கணுமா?" என்றார் மனைவி.

வாத்தியார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.