மூன்று நிறப் பெயின்ட்

கட்டைவிரல் நகமளவு பெயின்ட் சில்லு ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மேலே வெள்ளை, அடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை. அறுபதுகளில் மீனம்பாக்கத்தில் சரக்கு விமானம் விட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். முதலாளி வாங்கப் பார்த்த பழைய விமானத்தின் வாலில் சாவியால் சுரண்டி எடுத்தது அது. மூன்று நிறமென்றால் மூன்று கை மாறியிருக்கிறது. சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதை வாங்கலாம் என்று அடித்துச் சொன்னவர் எங்கள் பெரிய இன்ஜினியர். கமிஷன் வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன். அதிகம் பேசாத ஆள். சந்தேகப்பட எனக்கு அதுவே போதும். அந்த விமானத்தில் சரக்கோடு தினமும் போகவேண்டியவன் என் மனைவியின் தம்பி. எங்கள் படப்பைப் பக்கம் மாடு வாங்கினால், அதைப் பூட்டிய வண்டியில் விற்பவனையே ஏற்றி ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்ப்பார்கள். வாங்கச் சொன்னவரே முதலில் பறந்து காட்டட்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். இன்ஜினியர் கோபிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஏறினார். ஒரு சுற்றுப் பறந்துவிட்டு இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"பழசுல எங்க நோவுன்னு தெரியும்ப்பா. புதுசு இனிமேதான் சொல்லும்."

நான் விடவில்லை. நடிக்கிறார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். முதலாளிக்கும் பயம் தொற்றிக்கொண்டது. பழையதைத் திருப்பி அனுப்பிவிட்டு, புத்தம் புதிதாகச் சிறிய விமானம் ஒன்றை வரவழைத்தார். மாலை போட்டோம், பூசணிக்காய் உடைத்தோம். இதிலும் தான் முதலில் பறந்து பார்க்கிறேன் என்றார் இன்ஜினியர். முதலாளி சிரித்துவிட்டார்.

"புதுசுக்கு இன்னாத்துக்கு சார் அதெல்லாம்?"

மைத்துனன் சரக்கோடு ஏறினான். தரையிறங்கும்போது ஒரு பக்கச் சக்கரம் வெளியே வரவில்லை. அவன் உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு என் மனைவி எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்ஜினியர்மேல் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை வரவில்லை. கமிஷன் வாங்கினாரோ என்னவோ, யார் கண்டது. இப்போது ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை ஏற்றிய லாரிகள் எங்கள் வாசலைத் தாண்டிப் போகின்றன. மைத்துனன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பான். போன வாரம் அந்தச் சில்லை முதல்முறையாக அவனிடம் காட்டி, பழைய விமானத்தின் கதையைச் சொன்னேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"புதுச இப்டி சொரண்டிப் பாத்தியா மாமா?"

சில்லை வாங்கி இழுப்பறையில் வைத்துவிட்டேன்.