தழும்பே இருக்காதாம்

பிரசவத்துக்குப் பின் தொங்கும் வயிற்றுத் தோலை அறுவை சிகிச்சையில் எடுக்க மகள் நாள் குறித்துவிட்டாள். இன்று ராஜகீழ்ப்பாக்கம் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன்.

அங்கிருந்த பெண் ஆலோசகர் சொன்னார்: "வெயிட் பதினஞ்சு கிலோ குறையும் சார். தழும்பே இருக்காது. மூணாம் நாள் ஆபீஸ் போகலாம்."

தோலுக்கு அவ்வளவு எடையா? வெட்டினால் தழும்பு வராதா? எனக்கென்ன தெரியும் என்றும் தோன்றியது.

அவர் சொன்ன மூன்றையும் நோட்டில் எழுதி, "ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்று தயங்கித் தயங்கி நீட்டினேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை. "அதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் சார்."

"அப்ப இவ்ளோ நேரம் யாரைப் பத்தி சொன்னீங்க?" என்று மகள் எழுந்துவிட்டாள்.

நாளைத் தள்ளிவைத்திருக்கிறாள். கையெழுத்துக் கேட்டு எல்லாவற்றையும் கெடுத்தேன் என்று என்னோடுதான் பேசவில்லை.

இதைச் செய்துகொண்டவர்கள் இருந்தால், எத்தனையாவது நாள் நிமிர்ந்து நடந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கையெழுத்து வேண்டாம்.