புருவத்துத் தழும்பு

ஜெலாப்பாங் போட்டோ கடையில் பாஸ்போர்ட் படத்தை வாங்கிப் பார்த்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. என் இடது புருவத்துத் தழும்பைக் காணோம்.

ஈரச் சருகு வாசமும் கொசு இரைச்சலுமான விடியலில், அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டு வர, நான் முன்னால் ஓடி ஓடிப் பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துவைத்த ஏழு வயதில், மங்கைத் தாங்கும் கம்பி கிழித்தது அது. நின்றால் கங்காணி கத்துவாரென்று ரத்தம் வழிய அடுத்த மரத்துக்கு ஓடினேன். அந்தத் தோட்டத்தில் இன்று வரிசை வீடுகள்.

“அழகாத்தானே இருக்கு அண்ணே,” என்றாள் கடைக்காரப் பெண்.

“பின்னால வெள்ளையாக்குனீங்க, சரி. தழும்ப எடுத்தா இமிகிரேசன்ல தள்ளிருவான்லா.”

“சின்னத் தழும்புதானே?”

“எங்க தோட்டத்தத்தான் எங்கள கேக்காம அழிச்சானுங்க. என் மூஞ்சியவாச்சும் கேட்டுட்டுத் தொடுங்க.”