அம்மாவின் தலையில் இருந்த கேமரா

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. ஹட்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கல்யாண வீடியோக்களும், ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு வரும் வெளிநாட்டுக்காரர்களின் பயண வீடியோக்களும் என் கைக்கு வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஆக்‌ஷன் கேமராவைப் பற்றி என்னிடம் கேட்டுத்தான் முதலாளியே தெரிந்துகொள்வார்.

அந்தப் பயண வீடியோக்களில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் தவறாமல் வருவார்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். என் அம்மா மலையில் நின்று சிரித்துக்கொண்டிருப்பவள் இல்லை. மற்றவர்கள் அவளைப் பார்த்தது போதும், அவள் எதைப் பார்க்கிறாள் என்று ஒரு நாளாவது எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முதலாளியிடம் கேட்டு, ஒரு கேமராவையும் அதை நெற்றியில் கட்டும் பட்டியையும் டிக்கோயாவுக்கு அப்பால் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கொண்டுவருவதற்கு முன் ஸ்டூடியோவிலேயே ஃபர்ம்வேர் அப்டேட் செய்திருந்தேன். கேமராவை உள்ளே இருந்து இயக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை அது. முடிந்ததும் சில கேமராக்கள் நாம் வைத்திருந்த செட்டிங்கை எல்லாம் அழித்துவிட்டு, பெட்டியைப் பிரித்த அன்று இருந்த நிலைக்குப் போய்விடும். திரும்பச் சரிபார்க்க வேண்டும். காலையில் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைச் சரிபார்க்க நேரம் கிடைக்கவில்லை.

“இதென்னா புள்ள, மண்டையில கொம்பு?” என்றாள் அம்மா.

“நேரா பாருங்கம்மா, போதும். நீங்க பாக்குறத எல்லாம் இது பாக்கும்.”

“பாத்துக்கிட்டே இருக்குமா, இல்ல ரெண்டு கொழுந்து கிள்ளிப் போடுமா?”

மாலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முழுக்க வானம். மூட்டம், சவுக்கு மரங்களின் உச்சி, மறுபடி மூட்டம். கொழுந்துக் கூடையின் கயிற்றை எங்கள் பெண்கள் நெற்றியில் மாட்டுவதில்லை. துணியை மடித்து உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போடுவார்கள். அம்மா மலைக்குப் போனதும் என் பட்டியையும் அங்கேயே ஏற்றிவிட்டாள். தலையில் மாட்டுகிற எதற்கும் அவளுக்கு ஒரே இடம்தான். கேமரா அண்ணாந்து கிடந்தது.

“என்னம்மா இது, வானத்தையே எடுத்துட்டு வந்திருக்கீங்க!”

“மழ வருமான்னு பாத்திருக்கும்” என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போனாள். “அடுத்த தடவ நெத்தியில போட்டுக்கிறேன், மூஞ்சத் தூக்காத.”

அந்த அடுத்த தடவைக்கு முன்னால், மலையில் ஒரு குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அம்மாவின் முழங்கால் ஏற்கெனவே சரியில்லாதது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள்.

அம்மாவின் படங்கள் போனில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நிற்பாள். அசைகிற அம்மா என்று எனக்கு மிஞ்சியது அந்த வானம் மட்டும்தான்.

பல மாதங்கள் அதைத் திறக்கவில்லை. வருஷத் திவசத்துக்குக் கொழும்பில் இருந்து வந்த தம்பி, சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்றான். லேப்டாப்பில் கொஞ்சம் ஓடவிட்டவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தல சுத்துதுக்கா, கொஞ்சம் சரிபண்ணேன்” என்றான்.

சரிபண்ணுவது என் தொழில். அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் ஓரங்களை இழுத்து வளைத்துவிடும்; கரண்டுக் கம்பிகூட வில்லாகத் தெரியும். அந்த வளைவை நிமிர்த்தினேன். பிறகு ஸ்டெபிலைசேஷன் போட்டேன். ஆட்டம் இருக்கும் இடங்களில் படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி, ஓரங்களை வெட்டி, அது எல்லாவற்றையும் அமைதியாக்கிவிடும். மரங்கள் நிமிர்ந்தன. மேகம் அலுங்காமல் போனது.

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். “அக்கா, அம்மா எங்க?”

அப்போதுதான் பழையதைத் திரும்பப் போட்டு, பொறுமையாகப் பார்த்தேன். கொழுந்தைக் கிள்ளி நிறைந்ததும் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகுக் கூடைக்குள் வீசுவார்கள். வீசும் ஒவ்வொரு முறையும், படத்தின் ஓரத்தில் அம்மாவின் விரல்கள் வந்து போயின. லென்ஸ் இழுத்ததில் இயல்பைவிட நீண்டு, கறை படிந்த நகங்களோடு, இடுக்குகளில் கொழுந்து துருத்திக்கொண்டு. நான் நிமிர்த்தி வெட்டி எறிந்த ஓரத்தில்தான் அவை இருந்தன. வானத்தின் ஆட்டமும் அப்படித்தான். இடது காலை ஊன்றும்போது ஒரு சாய்வு, வலது காலை இழுக்கும்போது ஒரு சின்னக் குலுக்கல். பிழை என்று நினைத்து மென்பொருள் துடைத்தது அம்மாவின் நடையை.

வளைவையும் ஆட்டத்தையும் கேமராவே சரிபண்ணும்படி நான் வழக்கமாக வைக்கும் செட்டிங்கில் எடுத்திருந்தால் கேமராவுக்குள்ளேயே இதெல்லாம் வெட்டுப்பட்டிருக்கும். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அப்டேட் அதையெல்லாம் அழித்திருந்ததால்தான் அந்தக் கைகள் தப்பின. இதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை.

திவசத்தன்று படையல் முடிந்ததும், லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் சுவரில் வேட்டி கட்டி, இரவல் புரொஜெக்டரில் பழையதையே ஓடவிட்டேன். வானம் ஆடியது. அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் பக்கத்துக் காம்பரா அக்காவின் குரல் முதலில் கேட்டது.

“என்னாடி அது, மண்டையில லைட்டு எரியுது?”

“எம்மக மாட்டிவிட்டா. படிச்ச புள்ள. நான் பாக்குறத எல்லாம் இது பாக்குமாம்.”

“அப்போ கங்காணிய மொறைக்காத. அதும் பதிஞ்சிரும்.”

“பதியட்டும். மூஞ்சியப் பாத்துப் பயந்து அது ஒடஞ்சிராம இருந்தா சரி.”

சுவரில் இரண்டு பேரும் சிரித்தார்கள். கீழே உட்கார்ந்திருந்த அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஓரத்தில் விரல்கள் வரும்போதெல்லாம் அப்பாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

நான் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். கழற்றும்போது எப்படியும் கேமராவைத் திருப்பிப் பார்த்திருப்பாள், முகம் வந்திருக்கும் என்று. முடிவு தெரிந்தும் காத்திருந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும் வழியில் கேமரா கீச் கீச்சென்று கத்துகிறது. சார்ஜ் தீரப்போகிறது.

“இது கத்துதுடி.”

“தொடாத, தொடாத. எம்மக வந்து பாத்துக்குவா.”

வேட்டி வெறும் வேட்டியானது. யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவ்வளவுதானா புள்ள?” என்றார் அப்பா.

“அவ்வளவுதாங்கப்பா.”